உவமை, உருவகம், சென்னை மாற்றல்

சென்னைக்குப் போயே தீருவது என்று ஜம்புநாதன் தீர்மானித்த காலையில் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் முழுவதும் பனி மூடியிருந்தது. மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டில் காயும் பனியன்கூடத் தெரியவில்லை. கீழே ரயில் போகும் சத்தம் கேட்டது, ரயிலைக் காணோம். தன் வாழ்க்கையும் இப்படித்தான் என்று அவருக்குத் தோன்றியது. சத்தம் மட்டும் வருகிறது. வண்டி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஐம்பது தாண்டினால் இப்படியெல்லாம் தோன்றுவது சகஜம் என்பார்கள். ஜம்புநாதனுக்கு இருபத்தைந்து வயதிலிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது.

சால்ட் லேக்கில் ஒரு மத்திய அரசுத் தணிக்கை அலுவலகத்தில் அவருக்கு ஒரு மேஜை உண்டு. ஊர் ஊராக மாற்றிவிட்டுக் கடைசியில் கொல்கத்தாவில் கொண்டுவந்து போட்டவர்கள் அதன்பிறகு அவரை மறந்துபோனார்கள். இப்போது சென்னையில் ஓர் இடம் காலியாகிறது. விருப்பம் உள்ளவர்கள் ஜனவரிக்குள் இணையத்தில் தெரிவிக்கலாம் என்று டில்லியிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. “இதை விட்டா ரிடையர் ஆகற வரைக்கும் நமக்கு இந்தப் பனிதான் சார்” என்றார் பக்கத்து மேஜை பார்த்தசாரதி.

சென்னையில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஜம்புநாதனால் பதில் சொல்லியிருக்க முடியாது. அப்பா அம்மா இல்லை. வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துகிறார்கள். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வீட்டில் அவர் சொன்னது நடக்க வேண்டும். திரைச்சீலையின் நிறத்திலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஃபிரேம் வரை எல்லாம் ஜலஜா சொன்னபடிதான் நடந்திருக்கிறது. எல்லாம் நன்றாகவும் அமைந்துவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“ஜலஜா, நாம சென்னைக்குப் போறோம்” என்றார் சமையலறை வாசலில் நின்று.

“எப்போ, கிறிஸ்துமஸ் லீவுக்கா?”

“ஒரேயடியா.”

ஜலஜா தோசையைத் திருப்பினாள். “மீரா பத்தாவது.”

“பரீட்சை மார்ச்சுல முடிஞ்சுடும். மாத்தல் ஏப்ரல்ல.”

“அப்புறம் பதினொண்ணு, பன்னெண்டு இருக்கே? இங்கிலீஷ்ல ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் கேள்விக்கு முட்டை வாங்கிண்டு வந்து நிக்கறா. ஏதோ ரஞ்சனா மிஸ் டியூஷனால கொஞ்சம் ஏறறது. அந்த மாதிரி மிஸ் அங்க கிடைப்பாளா?”

“என்ன பெரிய ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்? உவமை, உருவகம். அவ்வளவுதானே? நானே சொல்லிக்கொடுத்துட்டுப் போறேன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஜலஜா அடுப்பை அணைத்தாள். கல்லில் தோசை இருக்கும்போது அவள் அடுப்பை அணைத்து அவர் பார்த்ததே இல்லை.

“நெஜமாவா சொல்றேள்?”

“நெஜமாத்தான்.”

“மிஸ் வேண்டாமா?”

“வேண்டாம்.”

“அப்போ கேட்டுக்கோங்கோ. ப்ரீ-போர்டு பரீட்சைல அந்தக் கேள்வியை அவ நன்னா எழுதிட்டா, நீங்க சென்னைக்குப் போறதுக்கு நான் குறுக்கே நிக்க மாட்டேன். எழுதலைன்னா, அவ பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் சென்னைங்கற பேச்சே எடுக்கப்படாது. சம்மதமா?”

“சம்மதம்.”

“அப்புறம் பின்வாங்க மாட்டேளே?”

“ஆபீஸ்ல நான் போட்ட ஒரு அப்ஜெக்‌ஷனைக்கூட இதுவரைக்கும் வாபஸ் வாங்கினதில்லை, தெரியுமோ?”

அன்று சாயங்காலமே ஜலஜா ரஞ்சனா மிஸ்ஸுக்கு போன் செய்தாள். வங்காள மொழியில் நெடுநேரம் பேசினாள். நடுநடுவே சிரித்தாள். ஜம்புநாதனுக்குத் தெரிந்த வங்காள மொழி, மீன் இல்லாத சாப்பாடு கேட்கவும் டாக்ஸிக்காரரிடம் இடதுபக்கம் திரும்பச் சொல்லவும்தான் போதும்.

“என்ன சிரிப்பு?”

“மிஸ்ஸுக்கு ரொம்ப சந்தோஷம். சாரே சொல்லிக்கொடுக்கட்டும்னுட்டா.”

தோற்றவளே வாழ்த்தியதில் ஜம்புநாதனுக்கு நிறைவாக இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் எட்டிப்பார்த்தது. அந்தச் சந்தேகத்தை அவர் வழக்கம்போலத் தன் மேலேயே திருப்பிக்கொண்டார். தனக்கு உண்மையிலேயே உவமை தெரியுமா?

மறுநாளே சாப்பாட்டு மேஜையில் வகுப்பு ஆரம்பமாயிற்று.

“முதல்ல சிமிலி. ஒண்ணை இன்னொண்ணு மாதிரின்னு சொல்றது. ஒரு உதாரணம் சொல்லு பாப்போம்.”

“அவ முகம் நிலா மாதிரி இருக்கு” என்றாள் மீரா, செல்போனைப் பார்த்துக்கொண்டே.

“எந்த நிலா? இந்தப் பனில நீ நிலாவைப் பார்த்தியா? பார்த்ததைச் சொல்லணும்.”

“அப்போ நீயே ஒண்ணு சொல்லுப்பா.”

ஜம்புநாதன் யோசித்தார். யோசிக்கவே தேவையில்லாமல் அது உள்ளே தயாராக இருந்தது. “ஆபீஸ்ல நான், பஸ்ல யாரோ மறந்துட்டுப் போன குடை மாதிரி. ஒருத்தரும் தேடி வர மாட்டா. மழை பெஞ்சா மட்டும் ஞாபகம் வரும்.”

மீரா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். “பாபா ரே! அப்பா, இது செம. ஆனா ரொம்ப சோகமா இருக்கே.”

“சோகத்துக்கு மார்க் குறைப்பாளா?”

“சொல்லலையே. அடுத்தது, மெட்டஃபர்?”

“மாதிரி, போலங்கறதெல்லாம் கிடையாது. அதுவேதான் இது. என் தலை ஒரு பழைய டிராம் ரூட். வண்டி நின்னுபோய் வருஷமாச்சு. தண்டவாளம் மட்டும் அங்கங்க தெரியறது.”

மீரா எழுந்து வந்து அவர் தலையைக் குனிய வைத்துப் பார்த்தாள். “காளிகாட் பக்கம் இன்னும் ரெண்டு லைன் ஓடறதுப்பா” என்றாள்.

கடைசியாக மீரா இவ்வளவு கிட்டே வந்து எப்போது பேசினாள் என்று ஜம்புநாதன் நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் பெர்ஸானிஃபிகேஷன். உயிரில்லாததற்கு உயிர் கொடுப்பது. “நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தா ஃபைல் கொட்டாவி விடறது” என்றார். அதற்கடுத்த நாள் ஹைபர்போலி, உயர்வு நவிற்சி.

“உங்கம்மா கறிவேப்பிலை வாங்கப் போனா, லேக் மார்க்கெட்டே அவ பின்னால ஆட்டோ பிடிச்சு வந்துடும்.”

“அது ஹைபர்போலி இல்லப்பா. நடந்த விஷயம்.”

“ஆக்ஸிமோரான் ஆயிடுத்தா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகாத ரெண்டைச் சேர்த்துச் சொல்றது, அதானேடி? எழுதிக்கோ. காய் நறுக்கிக் குடுக்கற ஆத்துக்காரர்.”

மீரா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். மறுநாள் ஜம்புநாதன் தற்காப்புக்காக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார். அதற்கப்புறம் தினமும் பீன்ஸ் அவர் வேலையாகிவிட்டது.

ஐரனியில் மட்டும் அவர் மாட்டிக்கொண்டார்.

“எதிர்பார்த்ததுக்கு நேர்மாறா நடக்கறது” என்று ஆரம்பித்தார். உதாரணம் வரவில்லை.

“உன் லைஃப்ல ஒண்ணுகூடவா இல்லை?”

“நான் எதையும் எதிர்பார்த்ததே இல்லையேம்மா, நேர்மாறா நடக்கறதுக்கு.”

“விடுங்கோ” என்றாள் ஜலஜா உள்ளிருந்து. “அதை நான் பாத்துக்கறேன்.”

இப்படியே டிசம்பர் போயிற்று. சால்ட் லேக்கிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜம்புநாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய பாடத்துக்கு உதாரணம் சேர்த்தார். பாலத்துக்கு அடியில் அணையப் பார்க்கும் டீக்கடை அடுப்பு, யாரும் ஏறாத நிறுத்தத்தில் நின்று பெருமூச்சு விடும் பஸ், எல்லாம் உதவின. நாள் முழுவதும் மனசு கனத்துக் கிடந்ததற்குச் சாயங்காலம் ஒரு பயன் இருந்தது. தான் பாடம்தான் நடத்துகிறோமா, அல்லது குறிப்பெடுத்துக்கொள்கிற ஓர் ஆள் கிடைத்தது என்று புலம்புகிறோமா என்றும் அவருக்குக் கேள்வி எழுந்தது. விடை தெரியாவிட்டாலும் நிறுத்தத்தில் இறங்கியதும் கால் வேகமாக நடந்தது.

பரீட்சை அன்று காலை அவருக்குக் காபி இறங்கவில்லை.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள் ஜலஜா, மீராவின் டிபன் டப்பாவை மூடியபடி.

“மீராவுக்கா? அவ தைரியமாத்தான் இருக்கா.”

“உங்களைக் கேட்டேன்.”

“கொஞ்சம்.”

“சரஸ்வதியை வேண்டிக்கோங்கோ.”

“அதான் நவராத்திரிலயே பூஜை பண்ணியாச்சே.”

“அது நம்மூர் பூஜை. பரீட்சை இந்த ஊர்ப் பரீட்சையாச்சே. தை மாசம் இங்க எல்லாராத்துலயும் பண்றாளே, அதையும் பண்றேன்னு வேண்டிக்கோங்கோ.”

தர்க்கம் சரியாகத்தான் பட்டது. ஜம்புநாதன் கண்ணை மூடினார். “அம்மா தாயே, இந்தக் கேள்வியை மட்டும் அவ நன்னா எழுதிடட்டும். இந்த ஊர் பூஜையையும் ஆத்துல பண்ணிடறேன். எழுதற சாமான் அத்தனையும் உன் காலடில வெச்சு, மறுநாள் கார்த்தால வரைக்கும் தொட மாட்டேன்.”

இந்த விஷயத்தில் அவர் கறார். நவராத்திரி பூஜையில் வைத்த செல்போனை மீரா அன்று சாயங்காலமே எடுத்துவிட்டாள் என்று, “விரலால எழுதினாலும் எழுத்து எழுத்துதான்” என்று வீடே அதிரப் பேசியவர் அவர். இப்போதும் சத்தமாகவே வேண்டிக்கொண்டார். அம்பாளுக்குக் கேட்டதோ என்னவோ, பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டது.

ஜனவரியில் விடைத்தாள் வந்தது. அந்தக் கேள்விக்கு முழு மார்க்.

“குடையை ஸ்கூல் மிஸ் க்ளாஸ்ல சத்தமா படிச்சாப்பா!” என்றாள் மீரா, செருப்பைக்கூடக் கழற்றாமல். “எல்லாரும் கை தட்டினா. அப்புறம் மிஸ் என்னைத் தனியா கூப்பிட்டு, ‘வீட்ல எல்லாரும் நன்னா இருக்காளா?’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“அப்பா எப்பவுமே அப்படித்தான்னு சொன்னேன்.”

ஜம்புநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நிமிர்ந்து அவர் உட்கார்ந்ததில்லை. “ஜலஜா!”

“காதுல விழுந்தது. நான் சொன்னா சொன்னதுதான். குறுக்கே நிக்க மாட்டேன். இப்பவே லாப்டாப்பைத் திறந்து சம்மதத்தை அனுப்பிடுங்கோ.”

“இப்பவேவா?” என்றார் ஜம்புநாதன். “கடைசி நாள் அன்னிக்கு அனுப்பினாப் போதும். நடுவுல சுற்றறிக்கைக்கு ஒரு திருத்தம் வரும், திருத்தத்துக்கு ஒரு விளக்கம் வரும். முதல்லயே அனுப்பினவன்தான் எப்பவும் முட்டாளாறது.”

தணிக்கைத் துறையில் அவர் கற்ற ஒரே பாடம் இது. வருமான வரியானாலும் ரயில் டிக்கெட்டானாலும் கடைசி நாளில்தான் அவர் கை நகரும். இத்தனை வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் ஜலஜா.

“கடைசி நாள் என்னிக்கு?” என்றாள்.

“வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு. இங்க ஆபீஸ் லீவு வேற. டில்லில தேதி வெச்சவாளுக்கு வங்காளத்து லீவு எங்க தெரியறது? நல்லதாப் போச்சு. ஆத்துலேர்ந்தே நிதானமா அனுப்பறேன்.”

“அதுவும் சரிதான்” என்றாள் ஜலஜா.

அவள் ஒத்துக்கொண்டால் உஷாராக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஜெயித்தவனுக்கு உஷார் எதற்கு?

நடுவில் இருந்த நாட்களில் வகுப்பு தொடர்ந்தது. இனி பொதுப் பரீட்சைக்குத் தயாராக வேண்டுமே. லாப்டாப் எதிரேயே இருந்தது. திறக்கலாம். திருத்தம் வரட்டும் என்று ஜம்புநாதன் காத்திருந்தார். திருத்தத்துக்காகத்தான் காத்திருக்கிறோமா என்று ஒரு தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். ஏப்ரலில் பள்ளி மாறி, ஊர் மாறி, சிநேகிதிகள் மாறிய பிறகு மீரா இந்த மாதிரி எதிரே வந்து உட்காருவாளா? கேள்வி சங்கடமாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த உதாரணத்துக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் லேட்டாக எழுந்தார். சங்கும் குலவையும் காதைத் துளைத்தன. வேறு வீட்டில் என்று நினைத்துக் கதவைத் திறந்தால் சத்தம் அவர் கூடத்தில். எதிர் ஃபிளாட் சுதபா பௌதி சங்கு ஊதிக்கொண்டிருந்தாள். பௌதி என்றால் அண்ணி. அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். கட்டடத்துக் குழந்தைகள் அத்தனை பேரும் மஞ்சளில் வந்திருந்தார்கள். மீரா அம்மாவின் மஞ்சள் பட்டுப்புடவையில் தடுக்கித் தடுக்கி நடந்தாள். நடுவில், வீணையோடும் அன்னத்தோடும், களிமண் சரஸ்வதி.

“இன்னிக்கா பூஜை?” என்றார்.

“பின்ன, லீவு எதுக்கு விட்டான்னு நினைச்சேள்? வேண்டிண்டது ஞாபகம் இருக்கோன்னோ?”

வேண்டிக்கொண்டவர்களுக்கு அது சீக்கிரம் மறந்துபோகும். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் மறப்பதில்லை. ஜம்புநாதன் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்து, சரி, அனுப்பிவிடலாம் என்று மேஜைக்குப் போனார். மேஜை காலியாக இருந்தது. பையைத் தூக்கினார். பை லேசாக இருந்தது.

“ஜலஜா, லாப்டாப் எங்கே?”

“சாமிகிட்ட.”

கூடத்துக்கு ஓடினார். குழந்தைகளின் புத்தகங்கள், பேனாக்கள், பௌதியின் ஹார்மோனியம், மீராவின் செல்போன் எல்லாம் சாமந்திப் பூவுக்கடியில் கிடந்தன. லாப்டாப் இல்லை.

“இங்க காணோமே!”

“நன்னாப் பாருங்கோ. பொம்மை ஒரு பக்கமா சாஞ்சுது. அடில தட்டையா ஏதாவது குடுன்னா பௌதி.”

ஜம்புநாதன் குனிந்து பார்த்தார். மஞ்சள் பட்டுத்துணி சுற்றிய ஒரு பலகையின் மேல் சரஸ்வதி அமர்ந்திருந்தாள். துணியின் ஓரத்தில், அலுவலகம் ஒட்டிய சொத்து எண் எட்டிப்பார்த்தது. மின் கையொப்பத்துக்கு அதில் செருக வேண்டிய சின்ன டோக்கனும் அங்கேயே, அன்னத்தின் காலடியில் குங்குமப் பொட்டோடு இருந்தது.

“எடுத்தாகணும். சாயங்காலம் போர்ட்டல் மூடிடும்!”

அவர் கை நீட்டியதும் சுதபா பௌதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சி சி, ஜம்புதா!” என்று அண்ணன் முறை சொல்லி வங்காள மொழியில் பொரிந்தாள்.

“புரோகிதர் வந்து உயிர் கொடுத்துட்டுப் போயாச்சாம்” என்று ஜலஜா மொழிபெயர்த்தாள். “நாளைக்குக் கார்த்தாலதான் அசைக்கலாமாம்.”

“குறுக்கே நிக்க மாட்டேன்னு நீ சொன்னே!”

“நான் எங்கே நிக்கறேன்? அம்பாள்னா உட்காந்திண்டிருக்கா?” ஜலஜா நன்றாகவே நகர்ந்து வழிவிட்டாள். “எடுத்துக்கோங்கோ. யாராவது தடுத்தாளா?”

யாரும் தடுக்கவில்லை. குழந்தைகள் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரஸ்வதியும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மையைத் தூக்கி ஓரமாக வைக்க அரை நிமிஷம் ஆகாது. தன்னைத் தடுப்பது பக்தியா, பயமா என்று ஜம்புநாதன் உள்ளே தேடினார். இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒன்று இருந்தது. எடுத்துவிட்டால் உண்மையிலேயே சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே இறங்கி, பெட்டியோடு நின்று, எங்கே போவது?

கை தானாகக் குவிந்தது. புஷ்பாஞ்சலிக்கு நிற்கிறார் என்று நினைத்து பௌதி உள்ளங்கையில் பூவை வைத்தாள். போட்டார். உட்காரவைத்துக் கிச்சடி பரிமாறினார்கள். பிறகு வந்தவர்களோடு பேச்சு, மறுபடி பிரசாதம். டில்லியில் போர்ட்டல் மூடிய நேரத்தில் அவர் கையில் இலந்தைப் பழச் சட்னி இருந்தது. நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை சரஸ்வதி இடத்தை விட்டு எழுந்தருளினாள். லாப்டாப்பைத் திறந்தார். விசைகளுக்கு நடுவே சந்தனம். காலக்கெடு முடிந்தது என்றது திரை. ரிடையர் ஆகும்வரை இனி இந்தப் பனிதான். பார்த்தசாரதி போனில் வந்தார். “உங்களுக்காகத்தான் சார் நான் அப்ளிகேஷன் போடாம விட்டுக்கொடுத்தேன்” என்றார். ஜம்புநாதன் அவருக்கு நன்றி சொன்னார்.

ஆனால் பால்கனியில் நின்றபோது, எதிர்பார்த்த அளவுக்கு மனசு கனக்கவில்லை. சென்னை போனால் போகட்டும். சாயங்காலம் வகுப்பு இருக்கிறது. அடுத்து அலிட்டரேஷன், மோனை. லேக் மார்க்கெட் வரை போய் மீராவுக்குப் பிடித்த புது வெல்லச் சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்தார். வழியில் நல்ல சோகமான உதாரணங்கள் கிடைத்தன. விளக்கைப் போட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

ஜலஜா பீன்ஸையும் கத்தியையும் அவர் பக்கம் தள்ளினாள்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றார். “மீரா சரியா எழுதலைன்னா இங்கதான் இருந்திருப்போம். எழுதினா, இப்பவும் இங்கதான் இருக்கோம். எப்படியும் நீதான் ஜெயிக்கப்போறேன்னா, என்னை எதுக்கு அத்தனை நாள் கத்தவிட்டே?”

“கத்தினேளா? எவ்வளவு நன்னா சொல்லிக்கொடுத்தேள்! முழு மார்க்கே வாங்கிட்டாளே குழந்தை!”

அவள் குரலில் கேலி இல்லை. ஜம்புநாதனுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தார்.

“சரி சரி, அவளைக் கூப்பிடு. பாடம் இருக்கு.”

“மீரா ரஞ்சனா மிஸ் ஆத்துக்குப் போயிருக்கா.”

“மிஸ்ஸைத்தான் நிறுத்தியாச்சே?”

“யார் நிறுத்தினா? பொண்ணு பிரசவத்துக்கு மிஸ் பெங்களூர் போயிருந்தா, நேத்திக்குத்தான் திரும்பி வந்தா. நடுவுல ரெண்டு மாசத்துக்குன்னா வேற யார் கிடைப்பா, நீங்களே சொல்லுங்கோ!”